ஒத்து நொண்டிய தட்டு

நாயனக்காரரைப் பற்றிக் கதை உண்டு. தவில்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பின்னால் நின்று ஒத்து ஊதுகிறவரைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்? நாயனம் மேலே ஏறிப் பறந்துகொண்டிருக்கும். இவர் கன்னம் உப்ப ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாமி புறப்பட்டதிலிருந்து திரும்பி வருகிறவரைக்கும் அதே சுரம்தான். நிறுத்தினால்தான் அவர் அங்கே இருந்தது தெரியும்.

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து வண்டிக்காரன் கந்தப்பனுக்கு அப்படிப்பட்டவர்தான் தகப்பன். பொன்னையா என்று பேர். திருச்சிக்குத் தெற்கே ஏதோ ஒரு ஊர். பெண்சாதி பெரியாயி அவருக்குச் சொந்த அக்காள் மகள். மூக்கும் அந்த வம்சத்து மூக்கு, பிடிவாதமும் அந்த வம்சத்துப் பிடிவாதம். வருஷம் முழுக்கத் தோட்டத்தில் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற மனுஷன், திருவிழாக் காலம் வந்தால் மேளக்காரரோடு சேர்ந்துகொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்விடுவார்.

ஒத்து ஊதுகிறவர் கன்னத்திலே காற்றை அடக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். சுரம் அறுபடக் கூடாது. பொன்னையாவுக்கு அறுபடாது. ஆனால் எப்போதாவது சுரம் ஒரு நூல் கீழே இறங்கி, தடுமாறி, மறுபடி ஏறிக்கொள்ளும். கடைவாய்ப் பல் இரண்டு இல்லாததால் காற்று நிற்பதில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

"டே பொன்னையா, உன் ஒத்து நொண்டுதுடா" என்று நாயனக்காரர் திட்டுவார்.

"நொண்டினாலும் விழலீங்களே" என்பார் இவர்.

பெரியாயிக்கு அந்த நொண்டல் உதவியாய்த்தான் இருந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எந்தத் தோட்டத்திலாவது கொட்டுச் சத்தம் கேட்டால் லயத்து வீட்டு வாசலில் நின்று காது கொடுப்பாள். காற்று இந்தப் பக்கம் வீசினால் போதும். "உங்கப்பன் அங்கதான் நிக்கிறாரு" என்று மகனிடம் சொல்லிவிட்டு, ஒரு கை அரிசியைக் குறைத்து உலை வைப்பாள்.

கந்தப்பனுக்குப் பத்து வயதிருக்கும்போது பொன்னையா அந்த மேளத்தாரோடு கடலுக்கு அந்தப் பக்கம் போனார். சொந்த ஊர்த் திருவிழாவுக்கு ஊதிவிட்டு வருகிறேன் என்று போனவர்தான். அந்த வருஷம் அங்கே பேதி கண்டது. திரும்பி வந்தது தவில்காரர் மட்டும். திருவிழாக் கூட்டத்தில் விழுந்தவர்களை ஒரே குழியில் போட்டார்கள் என்றார். பொன்னையாவைப் பார்த்தீரா என்று கேட்டதற்கு, "அவரு தலப்பாவைப் பாத்தேன்" என்றார்.

தலைப்பாவை வைத்துத்தான் எல்லாம் முடிவாயிற்று. உடல் இல்லாத சாவுக்குச் செய்கிற முறைப்படி, தர்ப்பையும் வைக்கோலும் சேர்த்து ஆள் உருவம் கட்டி, பதுளு ஓயா ஆற்றங்கரையில் கிடத்தினார்கள். பையன் கையில் கொள்ளியைக் கொடுத்தார்கள். பெரியாயியின் தாலியை வாங்கினார்கள். அந்த வருஷத்திலிருந்து ஆடி அமாவாசை தவறாமல் கந்தப்பன் ஓயாவில் இறங்கித் தகப்பன் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டு வந்தான்.

அவன் ஆளாகி, கல்யாணம் செய்து, தோட்டத்து வண்டி ஓட்டத் தொடங்கினான். பதுளைக்கு ரயில் வந்த பிறகு தேயிலைப் பெட்டியை ஸ்டேசன்வரைக்கும் கொண்டுபோய் இறக்கினால் போதும் என்று ஆனது. வரும்போது அரிசி மூட்டை ஏற்றி வருவான். அப்படி ஒருநாள் பெரிய கங்காணி தர்மலிங்கம் வீட்டுக்கு மூட்டை இறக்கப் போனபோதுதான் வந்தது வினை.

கங்காணி, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து பாட்டுப்பெட்டி வாங்கியிருந்தார். பெரிய பூ மாதிரி குழாய் வைத்த பெட்டி. விறாந்தையில் வைத்துச் சாவி முடுக்கி, ஒரு தட்டைச் சுழலவிட்டார். நாயனம். கூட்டு மேளம் இல்லாமல் நாயனம் மட்டும் மெதுவாக எழுந்தது. பின்னால் ஒத்து.

கந்தப்பன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். ஒத்து ஒரு நூல் இறங்கி, தடுமாறி, ஏறியது.

"ஐயா, இன்னொருக்க வைங்க."

"என்னடா, நாயனம் புடிச்சுப் போச்சா?"

"நாயனம் இல்லீங்க. பின்னால ஊதுறாரே, அவரு."

கங்காணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊர்ல எல்லாரும் மாப்பிள்ளையப் பாப்பாங்க. நீ மாப்பிள்ளைக்குக் குடை புடிக்கிறவனைப் பாக்குறியே."

மறுபடி வைத்தார். மறுபடி நொண்டியது. கந்தப்பன் கும்பிட்டுவிட்டு வண்டியை நேரே பதுளைக் கடைவீதிக்கு ஓட்டினான். அங்கே கடிகாரமும் கண்ணாடிச் சாமானும் விற்கிற ஸஹாப்தீன் நானாதான் கங்காணிக்கு அந்தத் தட்டைக் கொடுத்தவர்.

"நானா, அந்த நாயனத் தட்டு எப்ப எடுத்தது?"

"ஆலங்குழி சோமாஸ்கந்தம் பிள்ளையோட தட்டா? அவர் லேசுல வர்ற ஆளில்ல, தம்பி. பாட்டுப் புடிக்கிற குழாய்க்கு முன்னால ஊதினா வெள்ளைக்காரன் மூச்சைக் களவெடுத்துருவான்னு பயந்த மனிசன். டில்லியில ராசாவுக்கு முடி சூட்டினாங்களே, அந்த வருசந்தான் சம்மதிச்சார். அப்ப எடுத்ததுதான் இது. அதுக்குப் பொறகு அவரும் மௌத்தாகிப் போய்ச் சேந்துட்டார்."

ராசாவுக்கு முடி சூட்டிய வருஷம் கந்தப்பனுக்கு நன்றாக நினைவிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் துரை சீனி மிட்டாய் கொடுத்தார். அதற்கு எத்தனையோ மாதம் முன்பே அவன் ஓயாக் கரையில் வைக்கோல் தகப்பனுக்குக் கொள்ளி வைத்தாயிற்று. மொட்டையடித்த தலையில் முடி வளர்ந்து, மறுபடி வெட்டி, மறுபடி வளர்ந்தும் ஆயிற்று.

அப்படியானால் செத்தவர் எப்படி ஊதினார்?

இல்லை, ஊதியவர் எப்படிச் செத்தார்?

வண்டியில் உட்கார்ந்தபடி இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே வந்தான். மாடுகள் தாமாகவே வீடு வந்து சேர்ந்தன. கயிற்றை அவிழ்க்காமல் நின்றவனைப் பார்த்துப் பெண்சாதி தனலெட்சுமி, "ஏங்க, மாட்டை அவுக்கிறதா, இல்ல நீங்களே நுகத்தடியில நிக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

அவன் பயந்தது இதற்குத்தான். உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளுத் தண்ணீர் விடுவது மகாபாவம். அவருடைய ஆயுசை நாமே கழுவிவிடுகிற மாதிரி. செத்துப்போனவருக்கு விடாமல் இருப்பதும் பாவம். வாயில் ஈரமில்லாமல் அலைவார். விட்டால் ஒரு பாவம், விடாவிட்டால் ஒரு பாவம். எது எதுவென்று தெரிய வேண்டுமானால் தட்டில் ஊதுகிறவர் யாரென்று தெரிய வேண்டும்.

ஆடி அமாவாசை வந்தது. ஓயாவில் முழங்கால் தண்ணீரில் நின்றான். கோயில் பண்டாரம் பாட்டன் பேர் சொல்லச் சொன்னார், சொன்னான். பூட்டன் பேர் சொல்லச் சொன்னார், சொன்னான். தகப்பன் பேர் கேட்டார். கந்தப்பன் உள்ளங்கையில் எள் இருந்தது, கை கவிழவில்லை.

"பேரு தெரியாதா உனக்கு?"

"பேரு தெரியுஞ் சாமி. ஆளு எங்கன்னுதான் தெரியல."

"இத்தினி வருசமா ஊத்தினியே, அப்ப தெரிஞ்சுதா?"

"அப்ப தெரிஞ்சுது. இப்பத்தான் தெரியல."

பண்டாரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. பின்னால் பத்துப் பேர் தண்ணீரில் காத்து நின்றார்கள். "தெரிஞ்சுக்கிட்டு வாய்யா, ஆறு இங்கதான் ஓடிக்கிட்டிருக்கும்" என்று தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கந்தப்பன் எள்ளை வேட்டி முனையில் முடிந்துகொண்டு கரையேறினான்.

கரையில் பெரியாயி நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை. வீடு வந்து சேர்ந்து, அவன் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"எள்ளை எதுக்குடா திருப்பிக் கொண்டாந்த?"

சொன்னான். ஒத்து நொண்டியது, முடிசூட்டிய வருஷம், எல்லாவற்றையும் சொன்னான். பெரியாயி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"உனக்கு அப்ப பத்து வயசு. நீ என்னத்தைக் கேட்டிருப்ப?"

"எனக்கும் அதான் சந்தேகம், ஆத்தா. நீ ஒருக்க வந்து கேட்டா..."

"நான் அந்த வீட்டு விறாந்தையில வந்து உக்காரவா? கங்காணி பொஞ்சாதி மூஞ்சியத் திருப்புவா, பாட்டுக் கேக்க வந்துட்டா தாலியறுத்தவன்னு."

மாட்டேன் என்றாள். அந்த வம்சத்துப் பிடிவாதம் சில நாள் இருந்தது. பிறகு ஒரு காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும்போது, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே, "சரி, சாயந்தரம் போவோம்" என்றாள்.

சாயந்தரம் போனார்கள். அதற்குள் தட்டு போய்விட்டது. கந்தப்பன் வரும்போதெல்லாம் அதையே வைக்கச் சொல்லித் தொந்தரவு செய்கிறான் என்று கங்காணி அதைத் தனியாக எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்திருந்தார். நாலு நாள் நல்ல வெயில். பொரித்த அப்பளம்போல் ஓரமெல்லாம் வளைந்து கிடந்தது.

"நான் என்னத்தைக் கண்டேன், பெரியாயி" என்றார் கங்காணி. அவருக்கும் வருத்தம்தான். "எடுத்துட்டுப் போடா கந்தா. உனக்கே குடுத்துட்டேன்."

வளைந்த தட்டை எடுத்துக்கொண்டு கந்தப்பன் மறுபடி ஸஹாப்தீன் நானாவிடம் போய், ஒத்து நொண்டிய கதையைச் சொன்னான். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இது இனிக் கிடைக்காது, தம்பி. கொழும்புலயும் இல்ல. இதோட அச்சு ஜெர்மனியில. சண்டை வந்தது, அச்சும் அங்கேயே போச்சு. அக்கரையில பழைய தட்டு விக்கிற கடைகள்ல ஒண்ணு ரெண்டு கெடந்தா உண்டு." கொஞ்சம் யோசித்து, "சரி, ஒத்து நொண்டிச்சுன்னு சொன்னியே, அந்தப் பெட்டிலதானே கேட்ட?" என்றார்.

"ஆமாங்க."

"அந்தப் பெட்டியே நொண்டும், தம்பி. நான் தொறந்து பாத்திருக்கேன், உள்ளுக்க இருக்கிற வில்லுச் சுருளுல எண்ணெய் காய்ஞ்சு கெடக்கு. அப்பப்ப இழுத்து இழுத்து விடும். அதுல எதை வச்சாலும் நொண்டத்தான் செய்யும்."

இதுவரைக்கும் கந்தப்பனுக்குத் தகப்பன் இருந்தாரா இல்லையா என்று ஒரு குழப்பம்தான். இப்போது நொண்டியது தகப்பனா பெட்டியா என்று இரண்டாவது குழப்பம். முதலாவதைத் தீர்க்க இரண்டாவதைத் தீர்க்க வேண்டும். இரண்டாவதைத் தீர்க்கத் தட்டு வேண்டும். தட்டு கடலுக்கு அந்தப் பக்கம்.

தீபாவளி கழிந்து, ஆள் பிடிக்கக் கங்காணி ஊருக்குப் புறப்பட்டார். கூடமாட உதவிக்கு நானும் வருகிறேன் என்று கந்தப்பன் ஒட்டிக்கொண்டான். வளைந்த தட்டைப் பழைய சேலையில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டான்.

"ஊருக்குப் போனவங்க எல்லாரும் சேலை கொண்டாருவாங்க" என்றாள் தனலெட்சுமி. "நீங்க இருக்கிற சேலையையும் சுத்திக்கிட்டுப் போறீங்க."

திருச்சியில் மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள தெருவில் தட்டு விற்கிற கடை இருந்தது. சுவர் முழுக்க அடுக்கு. கந்தப்பன் வளைந்த தட்டைக் காட்டினான்.

"நாயனமா? நெறைய இருக்கு. யாருது வேணும்?" என்றார் கடைக்காரர்.

"இதே தட்டுத்தான் வேணுங்க. இதுல ஒத்து ஊதுறவரைக் கேக்கணும்."

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒத்துக் கேக்கவா அக்கரையிலேர்ந்து வந்த? போற வழியில ஒரு ஆர்மோனியம் வாங்கு. ஒரு கட்டையை அமுக்கிக்கிட்டே உக்காந்திரு. ஆயுசு பூரா கேக்கலாம்."

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். கந்தப்பனும் கொஞ்சம் சிரித்தான். சொன்னது சரியாகத்தான் பட்டது. இருந்தாலும் நகரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். வியாபாரம் ஓய்ந்ததும் கடைக்காரரே இறங்கி வந்து தட்டை வாங்கிப் பார்த்தார். இதில் ஒத்து ஊதியது யாரென்று தெரியுமா என்று கந்தப்பன் கேட்டதற்கு, "நாயனக்காரர் பேரைத்தான் போடுவாங்க. தவுல்காரர் பேரே போடுறதில்ல. ஒத்துக்காரரை யாரு கேட்டா? திருவிழாவுக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டுக்குவாரு சோமாஸ்கந்தம்" என்றார். சென்னையில் மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகளைக் குவித்து வைத்து விற்பார்கள், அங்கே போய்ப் பார் என்று அனுப்பி வைத்தார்.

கங்காணியிடம் கெஞ்சி விடை வாங்கிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினான். மூர் மார்க்கெட்டில் பழைய செருப்பு, பழைய புத்தகம், பழைய கண்ணாடி, கூண்டில் கிளி, எல்லாவற்றுக்கும் நடுவில் தட்டுக் குவியல். எழுத்துப் படிக்கத் தெரியாதவன், தன் தட்டின் நடுவிலிருந்த வட்டக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, எழுத்தின் வடிவத்தை ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தான். ஒரு தட்டு கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்தது. வைத்துப் பார்த்தால் யாரோ ஒரு நாடகக்காரர் சிரித்துக்கொண்டே பாடினார். இன்னொன்றில் நாயனம்தான், ஆனால் வேறு ஆள், ஒத்து கல்போல் நின்றது. கேட்கக் கேட்க அவனுக்கு எல்லா ஒத்தும் தகப்பன்போலவும் இருந்தது, யாரோபோலவும் இருந்தது. ஒரே சுரத்தில் ஆளை எப்படி அடையாளம் காண்பது என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

மறுநாளும் போனான். கிளிக் கூண்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த தட்டுகளில் கடைசித் தட்டு அதுதான். எழுத்துக்கு எழுத்து அதே.

"இதை வைச்சுக் காட்டுங்க, ஐயா."

கடைக்காரக் கிழவர் துடைத்து வைத்தார். பெட்டி நல்ல பெட்டி. நாயனம் எழுந்தது. ஒத்து எண்ணெய் ஒழுகினாற்போல் ஓடியது. கந்தப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கங்காணி வீட்டில் நொண்டிய இடம் வந்தது. நொண்டவில்லை. கொஞ்ச நேரத்தில் கிழவர் ஊசியைத் தூக்கிவிட்டார்.

"முழுக்க வைக்கலீங்களா?"

"முழுக்க வைச்சா, கேட்டுட்டு வாங்காமப் போயிடுவீங்க. தட்டும் தேயும். நாலணாக் காசு அகலம் கேட்டாலே நாயனம் தெரிஞ்சுடுமே."

அப்படியானால் பெட்டிதான் நொண்டியிருக்கிறது. தகப்பன் அந்தக் குழியில்தான் கிடக்கிறார். கந்தப்பனுக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்த மாதிரியும் இருந்தது. சந்தோஷமா துக்கமா என்று அவனுக்கே பிடிபடவில்லை. இனி இந்தத் தட்டு எதற்கு என்று எழுந்தான். நாலடி போய்த் திரும்பி வந்து அதை வாங்கிக்கொண்டான். ஏன் வாங்கினாய் என்று பிற்பாடு யார் கேட்டாலும், "ஆத்தா வரேன்னு சொன்னாளே" என்பான்.

திரும்பும்போது மண்டபம் கேம்பு இருக்கிறது. தோட்டத்துக்குப் போகிற ஜனங்களை அங்கே தங்கவைத்து, நோய் நொடி பார்த்துத்தான் கப்பலேற்றுவார்கள். உடுதுணி, மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் ஆவிப் பெட்டியில் போட்டு அவித்துக் கொடுப்பார்கள். ஜன்னல் வெயிலுக்கே வளைந்த சாதி இது. ஆவியில் போட்டால் களிதான். கந்தப்பன் வரிசையில் நின்றபடி முன்னால் போகிறவர்களைப் பார்த்தான். துணி ஆவிக்குப் போனது. சட்டி பானை மட்டும் ஓரமாகப் போனது. வளைந்த பழைய தட்டைத் துணி மூட்டையிலேயே விட்டான். நல்ல தட்டை எடுத்து, அடுப்புச் சாம்பலை இரண்டு பக்கமும் பூசி, அலுமினியச் சட்டிக்கும் கரண்டிக்கும் நடுவே சொருகினான்.

சோதிக்கிற ஆள் அதை எடுத்துப் பார்த்தார். "என்ன இது?"

"தோசைக் கல்லுங்க."

"நடுவுல ஓட்டை இருக்கே?"

கந்தப்பனுக்கு அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ வாயில் வந்தது. "வடையும் அதுலயே சுடுவோமுங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த ஆளும் சிரித்துக்கொண்டே அதைச் சட்டிகளோடு போட்டார்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாயும் மகனும் கங்காணி வீட்டுக்குப் போனார்கள். கங்காணி பெண்சாதி முகத்தைத் திருப்பவில்லை. அவளே பாய் போட்டாள். பெரியாயி பாயில் உட்காராமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சாம்பல் படிந்த தட்டை முந்தானையால் சுற்றிச் சுற்றித் துடைத்துக் கொடுத்தாள்.

"வீணாத்தான், ஆத்தா" என்றான் கந்தப்பன். "மெட்ராசுல கேட்டுட்டேன். நொண்டல. இந்தப் பெட்டிதான் நொண்டுது."

"வந்தது வந்துட்டேன். வையி."

கங்காணி வைத்தார். கரகரவென்று சாம்பல் பேசியது. நாயனம் எழுந்தது. அந்த இடம் வந்தது, நொண்டியது.

"பாத்தியா, பெட்டிதான்" என்றான்.

"ஆமா, பெட்டிதான். நாயனமுஞ் சேந்துல்ல நொண்டுது" என்றாள் பெரியாயி. "உனக்கு நாயனமே காதுல விழுகல. சும்மா கேளு."

அதற்குப் பிறகு பெட்டி இன்னும் இரண்டு மூன்று முறை இழுத்தது. அப்போதெல்லாம் நாயனமும் ஒத்தும் ஒன்றாகவே இறங்கி ஒன்றாகவே ஏறின. சென்னைக் கிழவர் ஊசியைத் தூக்கிய இடம் கடந்து போனது. நாயனம் படிப்படியாக ஏறி, உச்சியில் ஓரிடத்தைப் பிடித்து, அங்கேயே நின்றது. ஆடவில்லை. பெட்டியும் அந்த நேரம் ஒழுங்காகத்தான் ஓடியது. நாயனம் அப்படி நின்றுகொண்டிருக்கையில் கீழே ஒத்து மட்டும் தனியாக ஒரு நூல் இறங்கி, தடுமாறி, ஏறியது.

தட்டு முடிந்து ஊசி வெறுமனே சுரண்டிக்கொண்டிருந்தது. கங்காணி எழுந்து நிறுத்தினார்.

"அவருதான்" என்றாள் பெரியாயி.

அவளே மேலும் சொன்னாள். "பல்லு இல்லாததுன்னு சொல்லுவாங்க. பல்லாவது ஒண்ணாவது. நாயனம் மேல போய் நின்னா இந்த மனுசன் அதைக் கேட்டுக்கிட்டே தன் மூச்சை மறந்துருவாரு. கீழ போறப்ப ஒருநாளும் நொண்டாது."

கந்தப்பன் தாயின் முகத்தைப் பார்த்தான். அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை.

"அப்ப உசுரோட இருந்திருக்காரு, ஆத்தா."

"இருந்திருக்காரு. ஊதியிருக்காரு. வரல."

"வர முடியாம..."

"தெரியாதுடா. உனக்கும் தெரியாது." முந்தானையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள். "செத்தவருக்கு அழுது முடிச்சிட்டேன். இருந்தவருக்கு என்னத்தைச் செய்யிறது? நெத்தியில வச்சுக்கிறதா, வேணாமா? அதுக்கு யாருகிட்டப் போய்க் கேக்க?"

கங்காணி பெண்சாதி குங்குமச் சிமிழ் இருந்த பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். பெரியாயி அதைக் குடித்துவிட்டு, "இன்னொருக்க வைக்கச் சொல்லு" என்றாள். அந்தத் தடவை நாயனம் உச்சிக்கு ஏறுவதற்கு முன்பே எழுந்து வாசலில் இறங்கி நடந்துவிட்டாள்.

கந்தப்பனுடைய குழப்பம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது தீர்ந்தது, முதலாவது இன்னும் பெரிதாகிவிட்டது. முடிசூட்டிய வருஷம் இருந்தார். இப்போது? இருந்தால் வயதான மனுஷர், எந்தக் கோயில் மதிலோரம் கிடக்கிறாரோ. இல்லையென்றால் எப்போது போனார், எந்தத் திதி? முதலில் வைத்த கொள்ளி யாருக்குப் போய்ச் சேர்ந்தது? ஊருக்குப் போகிறவர்களிடமெல்லாம் விசாரிக்கச் சொன்னான். ஒத்துக்காரரா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஆடி அமாவாசை வந்தது. எள் வாங்குவதா வேண்டாமா என்று கடைக்கு இரண்டு தரம் போய்த் திரும்பியவனிடம், பெரியாயி தானே வாங்கி வைத்திருந்த பொட்டலத்தை நீட்டினாள்.

ஓயாவில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக ஓடியது. பாட்டன் பேர் சொன்னான், விட்டான். பூட்டன் பேர் சொன்னான், விட்டான். பண்டாரம் போன வருஷத்தை மறக்கவில்லை.

"இப்பவாச்சுந் தெரிஞ்சுதா?"

"இல்லீங்க, சாமி." கந்தப்பன் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான். "கடைசியில ஒண்ணு விடச் சொல்லுவீங்களே, கேக்க ஆளில்லாமப் போனவங்களுக்குன்னு. பேரு சொல்லாம."

"ஆமா."

"அப்பா பேரை விட்டுருங்க. அவரு பங்கையும் அதுல சேத்து விடுறேன். போயிருந்தா அவருக்குச் சேரும். இருந்தா அவரு பேருல நான் ஒண்ணும் செய்யல. இல்லீங்களா?"

அப்படி ஒரு முறை உண்டா இல்லையா என்று பண்டாரத்துக்கும் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். "சரி, விடு" என்றார்.

கந்தப்பன் இரண்டு கையையும் சேர்த்து, கொள்ளுகிற மட்டும் அள்ளி விட்டான். எள் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

கரையில் பெரியாயி அதே வெள்ளைச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன், ஆத்தா."

"யாருக்கு?"

"தெரியல."

"ம்" என்றாள். அவன் வேட்டியைப் பிழிகிறவரைக்கும் நின்றாள். "சரி, வண்டியப் பூட்டு. மழை வருது."